கிரெனடாவில் ஏன் ஒரே வாரத்தில் இரண்டு நினைவு நாள்கள்? (அக்டோபர் 19, அக்டோபர் 25)

கரிசல்காடு:

பள்ளியில் வரலாறு நடத்துகிறேன். பனிப்போர் பற்றிச் சொல்லும்போது கிரெனடாவுக்கு ஒரே ஒரு வரிதான் ஒதுக்குவேன்: "1983ல் அமெரிக்கா அந்தத் தீவுக்குள் படையோடு நுழைந்தது." போன வருடம் ஒரு மாணவி எழுந்து, "அந்த ஊர்க்காரங்க என்ன சார் சொன்னாங்க?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. அன்று தொடங்கித் தேடிப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கம். தென் கரீபியனில் வெனிசுவேலாவுக்கு வடக்கே இருக்கும் மூன்று தீவுகள்தான் இந்த நாடு: கிரெனடா, கேரியக்கூ, பெட்டிட் மார்ட்டினிக். மொத்தம் 344 சதுர கிலோமீட்டர், சென்னை மாநகராட்சியைவிடச் சிறியது. மக்கள் ஒன்றேகால் லட்சத்துக்குள். சாதிக்காய் விளையும் ஊர், கொடியிலேயே சாதிக்காய் இருக்கிறது. 1974 பிப்ரவரி 7ல் பிரிட்டனிடமிருந்து விடுதலை. 1979 மார்ச் 13ல் மாரிஸ் பிஷப் தலைமையிலான நியூ ஜூவல் என்ற இடதுசாரி இயக்கம் ஆட்சியைக் கைப்பற்றியது. அந்த நாலரை வருடத்தைத்தான் அங்கே எல்லோரும் 'ரெவோ' (ரெவல்யூஷன், அதாவது புரட்சி) என்கிறார்கள். 1983 அக்டோபர் 19ல் பிஷப்பை அவருடைய சொந்தக் கட்சியைச் சேர்ந்தவர்களின் படைவீரர்களே சுட்டுக் கொன்றார்கள். ஆறு நாள் கழித்து, அக்டோபர் 25ல், அமெரிக்கப் படை இறங்கியது.

இப்போது என் கேள்வி. அக்டோபர் 25 அந்த நாட்டில் 'நன்றி கூறும் நாள்', அரசு விடுமுறை. 2023லிருந்து அக்டோபர் 19ம் 'தேசிய வீரர்கள் நாள்' என்று விடுமுறை ஆகிவிட்டது. ஒரு நாளில் பிஷப்புக்கு அஞ்சலி, அதே வாரத்தில் இன்னொரு நாளில் அவர் எதிர்த்து நின்ற வல்லரசு வந்ததற்கு நன்றி. ஒரே மக்கள் இரண்டையும் எப்படிச் செய்கிறார்கள்? அங்கே இருந்தவர்கள், படித்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

பழைய தோழர்:

தம்பி, நல்ல கேள்வி. ஆனால் முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். அக்டோபர் 25 ஒரு படையெடுப்பு. வேறு பெயர் கிடையாது. 1983 நவம்பர் 2ல் ஐ.நா. பொதுச்சபை அதைப் பன்னாட்டுச் சட்டத்தின் அப்பட்டமான மீறல் என்று கண்டித்தது. ஆதரவு 108, எதிர்ப்பு 9. அதற்கு முன் பாதுகாப்பு அவையில் வந்த தீர்மானத்தை அமெரிக்கா தன் ரத்து அதிகாரத்தால் தடுத்திருந்தது. கிரெனடாவின் அரசுத் தலைவி அப்போதும் இங்கிலாந்து ராணிதான். அப்படியிருந்தும் பிரிட்டிஷ் பிரதமர் தாட்சரிடமே சரியாகக் கலந்து பேசவில்லை, அவர் கடும் அதிருப்தியில் இருந்தார்.

அந்த நவம்பரில் காமன்வெல்த் நாடுகளின் தலைவர்கள் டெல்லியில் கூடினார்கள், இந்திரா காந்தி தலைமையில். அங்கே பெரிய பேச்சே கிரெனடாதான். நான் அப்போது கோவையில் ஒரு ஆலையில் வேலை பார்த்தேன். எங்கள் சங்க அலுவலகத்தில் உலக வரைபடத்தை விரித்துவைத்துக்கொண்டு நாலு பேர் அந்தப் புள்ளியைத் தேடினோம். கண்டுபிடிக்கவே கொஞ்ச நேரம் ஆனது. அவ்வளவு சின்ன நாட்டின் மேல் ஏழாயிரம் பேர் கொண்ட படை. அந்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

ரெவோ என்ன செய்தது என்பதையும் பாருங்கள். 1980ல் எழுத்தறிவு இயக்கம் தொடங்கினார்கள், படித்த இளைஞர்கள் வீடு வீடாகப் போய்ப் பெரியவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். உயர்நிலைப் பள்ளிக் கட்டணம் ரத்து செய்யப்பட்டது. அதே வருடம் மகப்பேறு விடுப்புக்குச் சட்டம் வந்தது. தோட்டங்களிலும் அடுப்படியிலும் உழைத்த பெண்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று உழைத்தவர்களுக்குத் தெரியும். கியூபா உதவியோடு பாயின்ட் சலைன்ஸில் விமான நிலையம் கட்டினார்கள். அதுவரை இருந்த பேர்ல்ஸ் நிலையத்தில் பெரிய விமானம் இறங்காது, இரவில் எதுவுமே இறங்காது. சுற்றுலாவை நம்பும் தீவு நீண்ட ஓடுபாதை கட்டாமல் வேறென்ன செய்யும்? அமெரிக்க அதிபர் ரீகன் அதன் வான்படத்தைத் தொலைக்காட்சியில் காட்டி, இது ராணுவத் தளம் என்றார். அங்கே கருவிகள் பொருத்திக்கொண்டிருந்ததோ ஒரு பிரிட்டிஷ் நிறுவனம்.

நித்திலம்:

ஐயா, நீங்கள் சொல்வதெல்லாம் புரிகிறது. ஆனால் அண்ணா கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லையே. படையெடுப்பு என்றால் அந்த மக்கள் அந்த நாளில் ஏன் நன்றி சொல்கிறார்கள்? பயத்தில் சொல்கிறார்களா? நாற்பது வருடமாகவா?

அலைவாய்:

2009 முதல் 2013 வரை தலைநகர் செயின்ட் ஜார்ஜஸில் இருந்தேன், வேலை விஷயமாக. உள்ளூர்க்காரர்கள் 'கிரெனேடா' என்று நீட்டித்தான் சொல்வார்கள். ஸ்பெயினில் இருக்கும் கிரனாடாவோடு குழப்பினால் உடனே திருத்துவார்கள்.

நித்திலம் கேட்டதற்குப் பதில் பயம் இல்லை. அக்டோபர் 19ல் என்ன நடந்தது என்று முழுதாகத் தெரியாமல் 25ஐப் புரிந்துகொள்ள முடியாது.

நான் குடியிருந்த வீட்டு உரிமையாளர் அம்மா அப்போது ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆயில் டவுன் செய்வார். சீமைப்பலா, உப்பிட்ட மீன், கீரை எல்லாவற்றையும் தேங்காய்ப்பாலில் போட்டு, பால் வற்றி எண்ணெய் பிரியும்வரை ஒரே பானையில் வேகவைப்பது. மஞ்சளும் சேர்ப்பார்கள், ஆனால் அதைக் குங்குமப்பூ என்ற பெயரில்தான் சொல்வார்கள். அவர் எல்லாவற்றையும் பேசுவார், 1983ஐ மட்டும் பேச மாட்டார். நானாக ஒருமுறை கேட்டபோது, "அது ஒரு புதன்கிழமை" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். இரண்டு வருடம் கழித்து ஒரு மழைநாளில் அவராகவே சொன்னார்.

பின்னணி இதுதான். பிஷப்பும் பெர்னார்ட் கோர்டும் பள்ளி நாளிலிருந்தே நண்பர்கள். கோர்ட் துணைப் பிரதமர், நிதியமைச்சர். 1983 செப்டம்பரில் கட்சியின் மத்தியக் குழு, இருவரும் சேர்ந்து தலைமை தாங்கட்டும் என்று முடிவு செய்தது. பிஷப் முதலில் ஒத்துக்கொண்டார். ஹங்கேரி, செக்கோஸ்லோவாக்கியா பயணம் போன இடத்தில் மனம் மாறினார். அக்டோபர் நடுவில் அவரை வீட்டுக்காவலில் வைத்தார்கள். நாட்டின் பிரதமரை, ஒரு சில பேர் அடங்கிய குழு, மக்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல்.

19ஆம் தேதி காலை ஆயிரக்கணக்கானவர்கள் திரண்டார்கள். பள்ளிப் பிள்ளைகள் சீருடையோடு வந்தார்கள். "பிஷப் இல்லாமல் ரெவோ இல்லை" என்பதுதான் கோஷம். வீட்டுக்குப் போய் அவரை விடுவித்துக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். எல்லோரும் சந்தைத் திடலில் அவர் பேசுவார் என்று காத்திருக்க, கூட்டம் ரூபர்ட் கோட்டைக்கு ஏறிவிட்டது. அங்கேதான் ராணுவத் தலைமையகம். ஃபிரெடரிக் கோட்டையிலிருந்து மூன்று கவச வண்டிகள் வந்தன. கூட்டத்தின் மேல் சுட்டார்கள். கோட்டைச் சுவரிலிருந்து மக்கள் கீழே குதித்தார்கள். பிறகு பிஷப், கல்வி அமைச்சர் ஜாக்குலின் கிரெஃப்ட், வெளியுறவு அமைச்சர் யூனிசன் ஒயிட்மன் என எட்டுப் பேரைச் சுவரோரம் நிறுத்திச் சுட்டுக் கொன்றார்கள். உடல்கள் இன்றுவரை குடும்பங்களின் கைக்கு வரவில்லை.

அந்தக் கோட்டைக்கு ரூபர்ட் என்ற பெயர் யாருடையது தெரியுமா? பிஷப்பின் அப்பா. 1974 ஜனவரியில் போலீஸ் சுட்டுச் செத்தவர். அப்பாவின் பெயர் தாங்கிய இடத்தில் மகன்.

வீட்டுக்கார அம்மா அன்று சீருடையில் போனவர்களில் ஒருவர். சந்தைத் திடலோடு அவர் நின்றுவிட்டார், அங்கே அவருடைய அம்மா காய்கறிக் கடை போட்டிருந்ததால். கூட வந்த தோழி மேலே ஏறினாள், சுவரிலிருந்து குதித்தாள், கால் உடைந்தது. அன்று மாலை வானொலியில் ராணுவத் தளபதி ஹட்சன் ஆஸ்டின் அறிவிப்பு: நாள் முழுதும் ஊரடங்கு, நாலு நாளைக்கு. வெளியே தலை தெரிந்தால் கண்ட இடத்தில் சுடப்படுவீர்கள். தோழிக்குக் கட்டுப்போடக்கூட வெளியே கொண்டுபோக முடியவில்லை.

அப்படியிருந்த வீட்டின் முன்னால் ஆறாம் நாள் வேறொரு நாட்டுப் படைவீரன் வந்து நின்று, "இனிமேல் வெளியே வரலாம்" என்றால் என்ன சொல்வீர்கள்? அந்த அம்மா தண்ணீர் கொடுத்தாராம். அந்தத் தோழியை அமெரிக்க ராணுவ மருத்துவர்தான் பார்த்தாராம்.

அவர் கோர்ட் குழுவைத் திட்டும்போது பிஷப்பைத் திட்டியதில்லை. ரெவோவில்தான் அவருடைய பாட்டி கையெழுத்துப் போடக் கற்றார். இதையும் அதே மூச்சில் சொன்னார்.

பழைய தோழர்:

அலைவாய், நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். அந்த நாலு நாள் ஊரடங்கைப் பற்றி அன்றைக்கு எங்கள் பத்திரிகைகள் அதிகம் எழுதவில்லை. எழுதியிருக்க வேண்டும். தோழர்கள் தோழர்களைச் சுட்டார்கள் என்பதை விழுங்க முடியாமல், 25ஆம் தேதியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். அதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் இன்னொன்றையும் அதே தாளில் எழுதுங்கள். ரிச்மண்ட் ஹில்லில் இருந்த மனநல மருத்துவமனை மேல் அமெரிக்க விமானம் குண்டு போட்டது. குறைந்தது 18 நோயாளிகள் செத்தார்கள். மொத்தம் 45 கிரெனடாக்காரர்கள், 19 அமெரிக்கர்கள், இருபதுக்கும் மேற்பட்ட கியூபாக்காரர்கள், இவர்களில் ஓடுபாதை போட வந்த கட்டடத் தொழிலாளிகளும் உண்டு. நன்றி கூறும் நாளில் இவர்களுக்கு யார் மெழுகுவர்த்தி ஏற்றுவது?

மானிப்பாய்:

நான் ரொறன்ரோவில் இருக்கிறேன். வேலையிடத்தில் என்னோடு பதினொரு வருடமாக ஒரு கிரெனடாக்காரர் இருக்கிறார், கேரியக்கூவில் பிறந்தவர். இந்த இழையை அவருக்கு வாய்விட்டு மொழிபெயர்த்துச் சொன்னேன். அவர் சொன்ன முதல் விஷயம்: "1979லிருந்து தொடங்காதே. கெய்ரியிலிருந்து தொடங்கு."

எரிக் கெய்ரி அரூபாவின் எண்ணெய் ஆலையில் வேலை செய்துவிட்டுத் திரும்பியவர். 1950ல் தொழிற்சங்கம் தொடங்கினார். அதுவரை தோட்டத் தொழிலாளிக்காக யாரும் பேசியதில்லை. 1951ல் பெரிய வேலைநிறுத்தம். தோட்டங்களில் வைத்த தீயில் வானம் சிவந்ததால் அந்த நாள்களுக்கே 'சிவந்த வானம்' என்று பெயர். கூலி ஏறியது. அதே வருடம் எல்லோருக்கும் ஓட்டுரிமை வந்தபோது, 8 இடங்களில் 6 இடம் கெய்ரி கட்சிக்கு. என் நண்பரின் தாத்தா சாகும்வரை கெய்ரி படத்தைச் சுவரில் வைத்திருந்தாராம். வெள்ளைக்காரத் தோட்ட முதலாளி முன் தலை நிமிர்ந்து நிற்கக் கற்றுக்கொடுத்தவர் என்று.

அந்த மனிதர்தான் பிற்பாடு ஆட்சித் தலைவராகி, 'மங்கூஸ் கும்பல்' என்ற அடியாள் படை வைத்துக்கொண்டார். 1973 நவம்பரில் கிரென்வில்லில் பிஷப்பையும் கூட்டாளிகளையும் அடித்து நொறுக்கினார்கள். அடுத்த இரண்டு மாதத்தில் பிஷப்பின் அப்பாவைச் சுட்டார்கள். அடுத்த மாதம் விடுதலை நாள். வேலைநிறுத்தம் நடந்துகொண்டிருந்த நாட்டில், இருட்டோடு இருட்டாகக் கொடி ஏறியது.

1979ல் 46 பேர் ட்ரூ புளூ முகாமைப் பிடித்ததும் நாடே தெருவுக்கு வந்து கொண்டாடியதற்குக் காரணம் மார்க்சியம் இல்லை. கெய்ரி போனார் என்பதுதான். நண்பர் சொன்னது இது, எனக்கும் சரியென்றே படுகிறது. கெய்ரி அன்று நாட்டில் இல்லை, அமெரிக்காவில் இருந்தார்.

கரிசல்காடு:

எல்லோருக்கும் நன்றி. இப்போது நான் படித்ததில் என்னைப் பிடித்து உலுக்கிய ஒரு விஷயத்தைச் சொல்கிறேன்.

பழைய தோழர் ஐயா ரெவோ செய்த நல்லதைச் சொன்னார்கள். எல்லாம் உண்மை. ஆனால் அரசியல் சட்டம் நிறுத்திவைக்கப்பட்டது. சீக்கிரம் தேர்தல் என்று முதல் நாளே வாக்குக் கொடுத்தார்கள், நாலரை வருடத்தில் ஒன்றுகூட நடக்கவில்லை. 'டார்ச்லைட்' என்ற பத்திரிகையை 1979லேயே மூடினார்கள். 1981ல் 26 பேர் சேர்ந்து 'கிரெனேடியன் வாய்ஸ்' என்று ஒரு பத்திரிகை தொடங்கினார்கள், அதையும் தடுத்தார்கள். விசாரணையே இல்லாமல் ரிச்மண்ட் ஹில் சிறையில் எத்தனையோ பேர் கிடந்தார்கள்.

அந்த 26 பேரில் ஒருவர் டில்மன் தாமஸ் என்ற வழக்கறிஞர். இரண்டு வருடம் சிறையில் இருந்தார். 1983 அக்டோபர் 25க்குப் பிறகுதான் வெளியே வந்தார். அவருக்கு 'நன்றி கூறும் நாள்' என்றால் சொந்த விடுதலை.

2008ல் அவர் பிரதமர் ஆனார். 2009 மே 29ல், பிஷப்பின் பிறந்த நாளில், பாயின்ட் சலைன்ஸ் விமான நிலையத்துக்கு 'மாரிஸ் பிஷப் பன்னாட்டு விமான நிலையம்' என்று பெயர் வைத்தது அவருடைய அரசு.

தன்னைச் சிறையில் போட்டவரின் பெயரை நாட்டின் வாசலில் எழுதிவைத்தார். இதை வகுப்பில் சொன்னபோது ஒரு நிமிடம் யாரும் பேசவில்லை. அந்த மனிதர் பிஷப்பை மன்னித்தாரா, இல்லையா என்று நமக்குத் தெரிய வேண்டியதில்லை. அந்த ஓடுபாதை நாட்டுக்கு வேண்டியிருந்தது, அதைக் கட்ட நினைத்தவர் இன்னார், அதனால் அவர் பெயர். சிறையில் கிடந்தது வேறு கணக்கு. இரண்டையும் போட்டுக் குழப்பாமல் இருக்க எவ்வளவு மனத்திடம் வேண்டும்!

என் மாணவியின் கேள்விக்குப் பதிலே இதுதானோ என்று தோன்றுகிறது. நாம் வெளியில் நின்று 'இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா' என்று கேட்கிறோம். அவர்களுக்கு 19ம் நடந்தது, 25ம் நடந்தது. எதையும் அழிக்க முடியாது.

இன்னொரு செய்தி. அதே 2009 செப்டம்பர் 5ல்தான் பெர்னார்ட் கோர்டும் கடைசி ஆறு பேரும் சிறையிலிருந்து வெளியே வந்தார்கள். 1986ல் அந்தக் கொலை வழக்கில் மொத்தம் 14 பேருக்குத் தூக்கு விதித்து, 1991ல் அது ஆயுளாக மாற்றப்பட்டிருந்தது. 2007ல், கிரெனடாவுக்குக் கடைசி மேல்முறையீட்டு நீதிமன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் அந்தத் தண்டனை செல்லாது, புதிதாகத் தண்டனையை முடிவு செய்யுங்கள் என்றது. ஆக, பிஷப்பின் பெயர் விமான நிலையத்தில் ஏறிய அதே வருடம், அவர் கொலைக்காகத் தண்டிக்கப்பட்டவர்கள் அதே ஊரின் தெருக்களில் நடந்தார்கள்.

அலைவாய்:

அந்த செப்டம்பரில் நான் அங்கே புதிது. ஏதோ கலவரம் வரும் என்று எதிர்பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. ஆனால் வானொலியில் நேயர்கள் பேசும் நிகழ்ச்சிகள் நாள்கணக்கில் கொதித்தன. அங்கே அரசியலே அந்த வானொலிகளில்தான் நடக்கிறது. மீன் வெட்டிக்கொண்டே ஃபோன் போட்டு அமைச்சரைக் கேள்வி கேட்பார்கள். அமைச்சர் வண்டி ஓட்டிக்கொண்டே லைனில் வந்து பதில் சொல்வார்.

நித்திலம்:

அவ்வளவு சின்ன நாட்டில் தேர்தல் எப்படி நடக்கும்? எல்லோருக்கும் எல்லோரையும் தெரியுமே, ஓட்டு ரகசியமாக இருக்குமா?

அலைவாய்:

நல்ல இடத்தில் கை வைத்தீர்கள் தங்கச்சி. நான் நாலு வருடம் பார்த்ததில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது இதுதான்.

மொத்தம் 15 தொகுதிகள். ஒரு தொகுதிக்குச் சில ஆயிரம் ஓட்டு. அதிக ஓட்டு வாங்கியவர் ஜெயித்தார் என்ற நம்மூர் முறையேதான். பெரிய கட்சிகள் இரண்டு: என்.என்.பி. (புதிய தேசியக் கட்சி) பச்சை, என்.டி.சி. (தேசிய ஜனநாயகக் காங்கிரஸ்) மஞ்சள். தேர்தல் வந்தால் ஊரே இந்த இரண்டு நிறத்தில் நிற்கும். லாரியில் ஆள் உயரத்துக்கு ஒலிபெருக்கி அடுக்கி, சோக்கா என்ற கரீபியன் ஆட்டப் பாட்டு போட்டு, பின்னால் கூட்டம் ஆடிக்கொண்டே போகும். யார் வீட்டில் என்ன நிறம் என்று தெருவுக்கே தெரியும். அரசு வேலையும் ஒப்பந்தமும் அந்த நிறத்தைப் பார்த்துத்தான் வரும் என்ற புகாரை இரண்டு பக்கத்திலும் கேட்டிருக்கிறேன்.

சின்ன தொகுதி என்பதால் காற்று கொஞ்சம் திரும்பினால் எல்லாமே ஒரு பக்கம் சாய்ந்துவிடும். கீத் மிட்சலின் என்.என்.பி. 1999ல் 15க்கு 15 ஜெயித்தது. 2003ல் அவர்களுக்கு 8, என்.டி.சி.க்கு 7. அந்த வருடம் கேரியக்கூ தொகுதியில் வித்தியாசம் ஆறே ஓட்டு, அந்த ஆறு ஓட்டுதான் ஆட்சியைக் காப்பாற்றியது. 2008ல் தோற்றார்கள். 2013ல் மறுபடி 15க்கு 15, அப்போது நான் அங்கேதான் இருந்தேன். நூற்றுக்கு நாற்பது பேர் மஞ்சளுக்கு ஓட்டுப் போட்டிருந்தார்கள். சபையில் அவர்களுக்காகப் பேச ஒரு நாற்காலிகூட இல்லை. எங்கள் தெருவில் ஒரு தச்சர், "என் ஓட்டு கடலில் போட்ட கல்" என்றார். 2018 மார்ச் 13ல், ரெவோ நடந்த அதே தேதியில், மூன்றாம் முறையாக 15க்கு 15.

நாடாளுமன்றம் கூடிவந்த பழைய யார்க் ஹவுஸை 2004ல் இவான் புயல் சிதைத்துவிட்டது. பதினாலு வருடம் சொந்தக் கட்டடம் இல்லாமல் அங்கேயும் இங்கேயும் கூடினார்கள். புதுக் கட்டடம் 2018 ஜூனில் திறந்தபோது தேர்தலில் ஜெயித்து வந்தவர்கள் அத்தனை பேரும் ஒரே கட்சி. டோபியாஸ் கிளமென்ட் என்ற உறுப்பினர் ஆளுங்கட்சியிலிருந்து விலகி எதிர்க்கட்சித் தலைவர் ஆனதால்தான் எதிர்வரிசையில் ஒருவராவது இருந்தார்.

இதைச் சரிசெய்ய முயற்சி நடக்கவில்லை என்று நினைக்காதீர்கள். 2016 நவம்பர் 24ல் ஏழு திருத்தங்களை மக்கள் முன் வைத்தார்கள். ஒரே கட்சி எல்லா இடத்தையும் பிடித்தாலும் எதிர்க்கட்சித் தலைவர் ஒருவர் இருக்க வேண்டும் என்பது அதில் ஒன்று. பிரதமர் தொடர்ந்து மூன்று தடவைக்கு மேல் கூடாது என்பது இன்னொன்று. ஏழும் தோற்றன. வந்து ஓட்டுப் போட்டவர்களே மூன்றில் ஒரு பங்குக்குக் குறைவு. லண்டன் பிரிவி கவுன்சிலுக்குப் பதில் கரீபியன் நீதிமன்றமே கடைசி நீதிமன்றமாக இருக்கட்டும் என்று 2018ல் மறுபடி கேட்டார்கள். நூற்றுக்கு 55 பேர் வேண்டாம் என்றார்கள்.

எனக்கு இதில் கோபம் உண்டு. விடுதலை பெற்று நாற்பது வருடம் ஆன பிறகும் கடைசித் தீர்ப்பு லண்டனில் ஏன்? ஆனால் வீட்டுக்கார அம்மா சொன்ன காரணத்தைக் கேட்டபோது வாய் அடைத்துவிட்டது: "இங்கே நீதிபதியும் என் மாமா மகன், குற்றவாளியும் என் மாமா மகன். தூரத்தில் இருக்கிறவன் ஒருத்தன் வேண்டும்." ஒருமுறை தங்கள் கையாலேயே அரசியல் சட்டத்தை மூட்டைகட்டி வைத்த நாடு அது. அதற்குப் பிறகு அதில் ஒரு எழுத்தைத் தொடவும் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கம் சரியென்று நான் சொல்லவில்லை, எங்கிருந்து வருகிறது என்று தெரிகிறது.

மானிப்பாய்:

2022ஐ விட்டுவிட்டீர்கள் அண்ணை. 2021 கடைசியில்தான் டிக்கன் மிட்சல் என்.டி.சி. தலைவர் ஆனார். வழக்கறிஞர், அதற்கு முன் நாடாளுமன்ற உறுப்பினராகக்கூட இருந்ததில்லை. எட்டு மாதத்துக்குள், 2022 ஜூன் 23 தேர்தலில் என்.டி.சி.க்கு 9, என்.என்.பி.க்கு 6 என்று ஜெயித்துப் பிரதமர் ஆகிவிட்டார். அப்போது 44 வயது. ரெவோ முடிந்தபோது சின்னப் பிள்ளை. அக்டோபர் 19ஐ விடுமுறை ஆக்கியது அவருடைய அரசுதான். என் நண்பர் சொல்கிறார், அந்த வயதுக்காரர்களால்தான் அதைச் செய்ய முடியும், மூத்தவர்கள் யாராவது செய்திருந்தால் 'நீ அன்றைக்கு எந்தப் பக்கம் நின்றாய்' என்ற கேள்வி வந்திருக்கும் என்று.

புயலைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2004 செப்டம்பர் 7ல் இவான் 39 உயிரைக் கொண்டுபோனது. பத்தில் ஒன்பது வீடுகள் சேதம். சாதிக்காய் உற்பத்தியில் இந்தோனேசியாவுக்கு அடுத்த இடத்தில் இருந்த நாடு, ஒரே நாளில் மரமெல்லாம் சாய்ந்து கிடந்தது. சாதிக்காய் மரம் காய்க்கவே ஆறேழு வருடம் ஆகும், நன்றாகக் காய்க்கப் பதினைந்துக்கு மேல். ஒரு தலைமுறையின் சேமிப்பு அது. 2024 ஜூலை 1ல் பெரில் புயல் கேரியக்கூவில் கூரை உள்ள வீடு ஒன்றை மிச்சம் வைத்திருந்தால் அதிகம். நண்பரின் அக்கா வீடும் போனது. கடன், குடியுரிமை விற்று வரும் பணம், எதைப் பற்றிப் பேசினாலும் அங்கே பேச்சு புயலில்தான் போய் முடியும்.

பழைய தோழர்:

கடைசியாக ஒன்று சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறேன். 2025 அக்டோபரில் அமெரிக்கா கிரெனடாவிடம் ஒரு கோரிக்கை வைத்தது. ராடார் கருவியையும் அதை இயக்கும் ஆட்களையும் தற்காலிகமாக அங்கே நிறுத்த வேண்டும் என்று. எங்கே தெரியுமா? மாரிஸ் பிஷப் விமான நிலையத்தில். வெனிசுவேலாப் பக்கம் போர்க்கப்பல்கள் குவிந்துகொண்டிருந்த நேரம் அது. ராணுவத் தளம் ஆகிவிடும் என்று சொல்லி எந்த ஓடுபாதைக்காகப் படையெடுத்தார்களோ, அதே ஓடுபாதையில் தங்கள் ராணுவக் கருவியை வைக்க அனுமதி கேட்டார்கள். அதுவும் அந்த இரண்டு நினைவு நாள்களும் வரும் மாதத்தில்.

அலைவாய் எழுதியதால் 25ஆம் தேதியைப் பற்றி என் பேச்சில் கொஞ்சம் மாற்றம் வந்திருக்கிறது. அந்த அம்மா தண்ணீர் கொடுத்ததைத் தப்பு என்று இனி எங்கேயும் சொல்ல மாட்டேன். ஆனால் தண்ணீர் கொடுத்தவருக்கும் 'எங்கள் மண்ணில் ராடார் வேண்டாம்' என்று சொல்லும் உரிமை உண்டு. இந்தத் தடவையாவது கதவைத் தட்டிக் கேட்டிருக்கிறார்கள். பதில் சொல்ல வேண்டியது அந்த ஒன்றேகால் லட்சம் பேர். வேறு யாரும் இல்லை.

கரிசல்காடு:

ஐயா, ஒதுங்காதீர்கள். அடுத்த மாதம் வகுப்பில் இதை நடத்தும்போது உங்கள் கோவை வரைபடக் கதையையும் சொல்லலாமா என்று கேட்க இருந்தேன்.

அலைவாய், ஒரே ஒரு கேள்வி பாக்கி. அந்த வீட்டுக்கார அம்மா 2023ல் முதல் விடுமுறையை எப்படிக் கழித்தார்? தொடர்பில் இருக்கிறீர்களா?

பழைய தோழர்:

தாராளமாகச் சொல்லுங்கள் தம்பி. அந்தப் புள்ளியைக் கண்டுபிடிக்க எங்களுக்கு அரை மணி நேரம் ஆனது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அலைவாய்:

கிறிஸ்துமஸுக்கும் பிறந்த நாளுக்கும் ஃபோன் பேசுவோம். அந்த வருடம் அக்டோபர் இறுதியில் அவராகவே கூப்பிட்டார்.

கால் உடைந்த தோழி 1984லேயே அமெரிக்காவின் புரூக்ளினுக்குப் போய்விட்டவர். அதற்குப் பிறகு ஊருக்கு வந்ததே இல்லை. நாற்பதாவது வருடம் என்று வந்திருந்தார். 19ஆம் தேதி காலையில் இருவரும் கோட்டைக்கு நடந்து ஏறினார்களாம். இப்போது அதற்குப் பழைய பெயரே, ஜார்ஜ் கோட்டை. சுவரில் இறந்தவர்களின் பெயர்கள் பொறித்த பலகை இருக்கிறது. நானும் பார்த்திருக்கிறேன், அதன் முன்னால் நின்றால் கீழே துறைமுகமும் சிவப்பு ஓட்டு வீடுகளும் தெரியும். தோழி தான் குதித்த இடத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "இவ்வளவு உயரமா?" என்று கேட்டாராம். பிறகு இறங்கிச் சந்தைத் திடலுக்கு வந்து, அந்தக் காலத்தில் அம்மாவின் கடை இருந்த இடத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்களாம்.

25ஆம் தேதி அவர் ஒவ்வொரு வருடமும் போவதுபோல சர்ச்சுக்குப் போனார். தோழி வரவில்லை, வீட்டில் இருந்து ஆயில் டவுனுக்குச் சீமைப்பலா வெட்டிக்கொண்டிருந்தாராம்.